வாஷிங் மெஷினுக்குப் பத்திரிகை வைத்தேன்

நேற்று கீழ்வீட்டு மாமா மாடியேறி வந்து எங்கள் வாஷிங் மெஷினைப் பற்றிக் குறை சொன்னார்.

அது துணி பிழியும்போது நடக்கும். சுவரோரம் விட்டுவிட்டுப் போனால், பிழிந்து முடிக்கையில் பாத்ரூம் வாசலில் நிற்கும், உள்ளே யாரோ இருப்பதுபோல. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். காலுக்கடியில் அட்டை சொருகினேன்.

கண்ட அட்டையும் ஆகாது. செருப்பு டப்பா ஈரத்தில் ஊறி அவலாகிவிடும். காலண்டர் அட்டை வழுக்கும். கல்யாணப் பத்திரிகைதான் சரி. முதலில் பிள்ளையாரைக் கிழித்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட வேண்டும். அவர் மேல் மெஷினை நிறுத்த முடியுமா? நகைக்கடைக்காரர் வீட்டுப் பத்திரிகை ஒன்றே ஒரு காலுக்குப் போதும். வெல்வெட் உறை வேறு. குமாஸ்தா வீட்டுப் பத்திரிகை என்றால் மூன்று வேண்டும். மஞ்சள் தடவிய ஒற்றைத் தாள், கார் டாஷ்போர்டு இடுக்கில் வரும் கிறீச்சுக்கு. ஃப்ரிட்ஜுக்குச் சித்தப்பா மகள் கல்யாணம். மாப்பிள்ளை சிங்கப்பூர் போய்விட்டார், ஃப்ரிட்ஜ் அசையவில்லை. இன்னொரு கல்யாணம் முறிந்தே ஆறு வருஷம். பத்திரிகை இன்னும் எங்கள் கட்டில் காலைத் தாங்குகிறது. ஜாதகம் பார்த்தவர்கள் அட்டையையும் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

மாமாவுக்குப் பயந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர், “சார், இந்தக் கல்யாணத்துக்கெல்லாம் போனீங்களா?” என்றார். போகவில்லை. அது அவருக்கு எதற்கு?

“நிமிஷத்துக்கு 1200 சுத்து சார். ஈரப் போர்வை ஒரு பக்கமா சுருண்டு அரைக் கிலோ கூடினாலே, டிரம்மை 200 கிலோ கணக்கா வெளியே இழுக்கும். அதை அடக்கத்தான் உள்ளே கான்கிரீட் கட்டி, ஸ்பிரிங், டேம்பர் எல்லாம். நாலு காலும் தரையில அழுந்தி நிக்கணும். அட்டை அமுங்கிடும்.”

மெஷினின் காலே ஒரு திருகாணியாம். ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று இறக்கி, நட்டை இறுக்கினார். மெஷினை ஓடவிட்டு, என் காபி டம்ளரை எடுத்து அதன் தலையில் வைத்தார். காபியில் வட்டம் வட்டமாக அலை. ஒரு சொட்டு சிந்தவில்லை. 450 ரூபாய். சுற்றுக்கு 300. மெஷின் நிமிஷத்துக்கு 1200 சுற்று சும்மா சுற்றுகிறது.

இப்போது கிரைண்டர் ஆடுகிறது. பெட்டியைத் துழாவினால் ஒரு பத்திரிகை இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஏழு அழைப்பு வந்திருக்கிறது, ஏழும் வாட்ஸ்அப்பில். இதை எந்தக் காலுக்கடியில் வைப்பது?