எட்டு, ஒன்பதாகத் தெரிவது தொடர்பாக

அனுப்புநர்
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
பரவை, மதுரை மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் நல்லுறவுப் பிரிவு,
பெயர் சொல்லாத கார் கம்பெனி.
(பெயரைச் சொன்னால், தங்களை மட்டும் கவனித்ததாக மற்ற கம்பெனிகள் கோபித்துக்கொள்ளும்.)

பொருள்: மீட்டர் போர்டில் ஆறு ஐந்தாகவும், எட்டு ஒன்பதாகவும் தெரிவது தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் சர்வீஸ் சென்டரில் நான் காத்திருந்த நான்கு நாள்கள். 2. என் இடது கண். 3. என் வலது கண் (புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, எனவே கோளாறு கண்ணில் இல்லை).

ஐயா,

வணக்கம். தங்கள் லாபம் நலமாக இருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். இங்கு என் காரும் நலம். 2009-ல் பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கிய கார், இன்றைக்கும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விவரத்தில்தான் வில்லங்கம்.

ஊர் எது என்று தெரியாமல் போகக் கூடாது. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் விளாங்குடி தாண்டினால் பரவை. நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மாவின் ஊர் என்றால் தமிழ்நாட்டில் தெரியும். பரவை என்றால் கடல் என்று அகராதி சொல்கிறது. எங்கள் ஊரில் கண்மாய்தான் உண்டு. பெயர் ஒன்றும் சரக்கு வேறுமாக இருப்பது எங்களுக்குப் பழக்கம் என்பதால் உங்கள் மீட்டரை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் போனது பெட்ரோல் கட்டம். எட்டுக் கட்டமும் எந்நேரமும் எரிந்தன. மணிமேகலைக்கு அமுதசுரபி வாய்த்ததுபோல எனக்கு இது வாய்த்திருக்கிறது என்று நம்பிப் போனவன், பாத்திமா காலேஜ் பக்கம் நடுரோட்டில் நின்றேன். தள்ளிவிட வந்த ஷேர் ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "டேங்க் ஃபுல்லா இருக்கேண்ணே, வேற ஏதோ கோளாறு" என்றார். பெட்ரோல் டேங்கைவிட அந்தக் கண்ணாடியைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்து கிலோமீட்டர் கணக்கு. டிஸ்ப்ளேயில் ஒவ்வோர் எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது என்பது தாங்கள் அறியாததல்ல. என் மீட்டரில் இரண்டாவது, மூன்றாவது எண்களுக்கு இடது பக்கக் கீழ்க்கோடு செத்துவிட்டது. அந்த ஒரு கோடு போனால் ஆறு ஐந்தாகும், எட்டு ஒன்பதாகும். 1,68,714 ஓடிய கார், ஒரு காலையில் 1,59,714 என்றது. ஒரே இரவில் 9,000 கிலோமீட்டர் இளமை! மார்க்கண்டேயன்கூட வயதை நிறுத்தித்தான் வைத்தான், குறைத்துக்கொள்ளவில்லை.

நான் மில்லில் 31 வருடம் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் சைடு பார்த்தவன். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஹேங்க் மீட்டர் இருக்கும். ஒரு ஹேங்க் என்றால் 840 கஜம் நூல். ஷிஃப்ட் முடியும்போது அந்த மீட்டரைப் பார்த்துத்தான் உற்பத்தியை எழுதுவார்கள். அதில் ஓர் எண் மங்கினால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது. ஃபிட்டர் ஓடி வருவார். எங்கள் ஊர் காய்கறி மார்க்கெட்டில் விடிகாலையில் கத்தரிக்காய் மூட்டை நிறுக்கும் தராசுக்குக்கூட முத்திரை வேண்டும். எட்டுக் கிலோவை ஒன்பது என்று காட்டும் தராசை வைத்து அங்கே ஒரு காலைப்பொழுதுகூட வியாபாரம் செய்ய முடியாது. இந்தப் பழக்கத்தில்தான் தங்களிடம் வந்தேன். தவறு என்னுடையது.

சர்வீஸ் சென்டரில் டை கட்டிய தம்பி மரியாதையானவர். தண்ணீர் கொடுத்தார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"சார், இதுல டிஸ்ப்ளே மட்டும் தனியா வராது. ஃபுல் அசெம்பிளியா மாத்தணும். 23,600 ரூபா ஆகும்."

"சரி, மாத்துங்க தம்பி."

"ஸ்டாக் இல்ல சார். மாடலே நிறுத்திட்டாங்கள்ல?"

"அப்ப 23,600-னு எப்படிச் சொன்னீங்க?"

"சிஸ்டத்துல காட்டுது சார்."

இல்லாத சாமானுக்கு இருக்கிற விலை. கந்தர்வ லோகத்தில்தான் இப்படி வியாபாரம் நடக்கும் என்று நினைத்திருந்தேன். அதைப் போட்டால் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடும் என்றார். பதினாறு வயதுக் காருக்குத் தொட்டில் கட்டிப் பேர் வைக்கவும் தாங்கள் தயார் என்று புரிந்தது. நான்காவது முறை போனபோது தம்பி மனம் இளகி, "எக்ஸ்சேஞ்ச் போட்ருங்க சார், போனஸ் இருக்கு" என்றார். பல்வலி என்று போனவனிடம், தலையை மாற்றிக்கொள்ளுங்கள், பழைய தலைக்குத் தள்ளுபடி உண்டு என்பது போல.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று பேரனை விட்டுத் தேடச் சொன்னேன். 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ரீகால் விதி இருக்கிறது. பழுதான வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய அரசு உத்தரவிடலாம், பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில் சாய்ந்துவிட்டேன். வண்டிக்கு வயது ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் என்றால் 1,250 புகார் சேர வேண்டுமாம். ஏழரைச் சனிகூட ஏழரை வருடம் கூடவே இருக்கிறார். தங்கள் கடமை அவருக்கு ஆறு மாதம் முன்னாலேயே இறங்கிவிடுகிறது.

இதே நாட்டில் 2025 நவம்பரில் மாருதி சுசுகி 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் அளவு காட்டும் மீட்டர் சரியாகக் காட்டாமல் போகலாம் என்பதுதான் காரணம். அந்தக் கார்களுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. பாகத்தை இலவசமாக மாற்றித் தந்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. குழந்தைக்கு வந்தால் வைத்தியம், கிழவனுக்கு வந்தால் விதி என்பது மனிதர்களிடமும் உள்ள வழக்கம்தானே?

அமெரிக்காவிலும் நம் கதைதான். டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடுத்திரை கறுத்துப்போனது. உள்ளே இருந்த 8 ஜிபி மெமரி சிப் எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது. காரின் ஆயுள் முழுக்க அந்தப் பாகம் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருளாதார ரீதியில் சாத்தியமில்லை என்று கம்பெனி அரசுக்கே எழுதியது. ஆனாலும் அங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை விடவில்லை. 2021 பிப்ரவரியில் ஏறக்குறைய 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. தாங்கள் புத்திசாலி. எழுத்தில் எதையும் தருவதில்லை, டை கட்டிய தம்பியை விட்டு வாயால் சொல்கிறீர்கள்.

வயதாக ஆக அரசுக்கு என் கார்மேல் பாசம் கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் முடிந்ததும் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வயதைத் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பழைய காருக்காக நான் கட்டும் பணம் ஏறுகிறது, தாங்கள் செய்யும் வேலை இறங்குகிறது. இந்த இரண்டு கோடுகள் மட்டும் பிசகாமல் எரிகின்றன.

இனி முக்கியமான கட்டம். எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தை வாயில் வந்ததுமே காரை மதிப்பிடத் தாங்கள் ஓர் ஆளை வீட்டுக்கே அனுப்பினீர்கள். நான்கு நாள் நின்றும் கிடைக்காத கவனிப்பு! அவர் டிஸ்ப்ளேயைப் படம் எடுத்தார். ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். முகம் மலர்ந்தது. "அது பொய் தம்பி, ஒன்பதாயிரம் கூட்டிக்குங்க" என்றேன். தங்கள் ஆட்களே கைப்பட எழுதிய சர்வீஸ் புத்தகத்தையும் நீட்டினேன். 1,60,000 கிலோமீட்டர் சர்வீஸை முடித்துத் தாங்களே குத்திய முத்திரை அதில் இருந்தது. அவர் புத்தகத்தைத் தொடவே இல்லை.

"மீட்டர்ல இருக்கறதுதான் சார் கணக்கு."

ஐயா, அந்த மீட்டரைச் சரிசெய்ய முடியாது என்று சொல்வதும் தாங்கள்தான். அது சொல்வதை வேதவாக்காகக் குறித்துக்கொள்வதும் தாங்கள்தான்.

ஒரு மாதம் கழித்து, வாடிப்பட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். சமயநல்லூர் பக்கம் வரும்போது டிஸ்ப்ளே 1,59,999. ஒரு லட்சத்து அறுபதாயிரம் இரண்டாம் முறை பிறக்கப் போகிறது என்று வண்டியை மெதுவாக்கினேன். எண் மாறியது. 1,59,000! நிஜத்தில் 1,69,000 ஆகியிருக்கிறது. ஆறுக்குக் கோடு இல்லாததால் ஐந்து, ஒன்பது ஒன்பதாகவே. "ஏங்க, ரிவர்ஸ்லயா போறோம்?" என்றாள் வீட்டுக்காரி. ஓடிய ஆயிரம் கிலோமீட்டரை மறுபடி ஓடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சில வாரம் கழித்து எங்கள் தெரு டிவி மெக்கானிக்கிடம் போனேன். டப்பா டிவி காலம் போனபின் மிக்ஸி, இன்வெர்ட்டர், ஆட்டோ மீட்டர் என்று கிடைத்ததைப் பார்க்கிறவர். பேட்டரி வயரைக் கழற்றி, ஸ்டீயரிங் பின்னால் நாலு ஸ்குரூவை எடுத்து மீட்டர் போர்டை வெளியே உருவினார். கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய ரிப்பன். அதைச் சூடு வைத்துப் பிசினால் ஒட்டியிருக்கிறார்கள். "சித்திரை வெயில்ல வண்டிய நிறுத்துனா உள்ள அடுப்புண்ணே. பதினாறு வருசம் வெந்தா பிசின் விட்டுக்கிரும். அம்புட்டுத்தான்" என்றார். ரிப்பன்மேல் ரப்பர்த் துண்டை வைத்து, சால்டரிங் அயர்ன் நுனியால் நூல் பிடித்ததுபோல ஒரு தடவு தடவினார். பெட்ரோல் கட்டத்துக்குப் போகும் இடத்தில் விரிசல் விட்டிருந்த ஈயத்தை மறுபடி பற்றவைத்தார். மாட்டினார். சாவியைத் திருப்பினேன்: 1,69,412. பெட்ரோல் இரண்டு கட்டம். கூலி 450 ரூபாய். டீ என் செலவு.

பத்தாயிரம் கிலோமீட்டர் கிழமாகிவிட்டது என் கார். விலையும் குறைந்திருக்கும். 450 ரூபாய் கொடுத்து நஷ்டத்தை வாங்கி வந்தேன் என்று பேரன் சிரிக்கிறான்.

ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

1. உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. அது எங்கே போனாலும் போகட்டும், எங்கள் தெருவுக்கு அந்த ரிப்பன் வரட்டும்.

2. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்தது. வாகனங்களும் அதில் உண்டு. மீட்டர் போர்டை எந்த நாலு ஸ்குரூவில் திறப்பது என்பதை ராணுவ ரகசியம்போல் காக்காமல் அங்கே எழுதிப் போடவும்.

3. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் கம்பெனி பல வருடமாக வண்டி மீட்டர் செய்கிறது. மீட்டர் செய்யத் தெரிந்த மாநிலத்தில் ஒட்டுப் போட ஆளில்லை என்று இனியும் சொல்ல வேண்டாம்.

4. புதுக் கார் பில்லில், "இந்த மீட்டர் இத்தனை வருடம் உண்மை சொல்லும்" என்று ஒரு வரி அச்சிடவும்.

இந்த மனுவை எழுதிக்கொண்டிருக்கும்போதே தங்களிடமிருந்து எஸ்எம்எஸ் வந்தது. மதிப்பீட்டுக்கு வந்தவர் குறித்துக்கொண்ட எண் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது போலும். "அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் கார் 1,60,000 கி.மீ. சர்வீஸை நெருங்குகிறது. அந்த எண்ணைத் தொட்டதும் எங்களிடம் வாருங்கள்."

அழைப்புக்கு மிக்க நன்றி. தொட்டதும் கட்டாயம் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள (நேற்று முதல்),
1,69,412.