எந்த ஸ்கூல்?

இலங்கையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் முதலில் ஊர் கேட்பார்கள், பிறகு வேலை கேட்பார்கள், மாவனல்லை தாண்டுவதற்குள் "எந்த ஸ்கூல்?" என்பதற்கு வந்துவிடுவார்கள். பிள்ளை படிக்கும் ஸ்கூல் அல்ல. பென்ஷன் எடுக்கிற வயதுக்காரரிடமும் அவர் படித்த ஸ்கூலைத்தான் கேட்பார்கள். பதில் கிடைத்ததும் அவருடைய மதம், மொழி, அப்பாவின் சம்பளம், ரக்பி மெச்சில் எந்தப் பக்கம் நின்று கத்துவார் என்பது வரைக்கும் கேட்டவர் மனதில் குறித்துக்கொள்வார்.

என்னிடம் கேட்பவர்களுக்குக் குறித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. நான் படித்தது ஒரு தோட்டப் பாடசாலை. மைதானம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட இடம் ஒரு சரிவு. பந்தை ஒருவன் தவறவிட்டால் அதை எடுத்துவரக் கீழ் டிவிசனுக்குப் போக வேண்டும். போனவன் திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிடும். ரக்பிப் பந்தை நான் முதன்முதலில் தொட்டது கல்யாணத்துக்குப் பிறகு, விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில், விலை கேட்பதற்காக. ஆனாலும் நான் கண்டி திரினிட்டி கல்லூரியின் ரசிகன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கல்லூரியின் வாசலைத் தாண்டியவர் தபால்காரராக இருந்த சித்தப்பா ஒருவர்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்டியில் பாதிப் பேர் இப்படித்தான். பழைய மாணவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது திரினிட்டியின் மெச் அவர்களுடைய மெச் என்று. ஊர் நினைத்துக்கொண்டிருப்பது அது ஊருடைய மெச் என்று. டிக்கெட் காசு இரண்டு தரப்பும் ஒன்றாகத்தான் கொடுக்கிறோம்.

ரக்பி விஷயத்தில் கண்டிக்காரனுக்கு இருக்கும் தலைக்கனத்துக்கு ஆதாரம் உண்டு. 1891இல் எல். ஈ. பிளேஸ் கண்டியில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்; அதுதான் பிற்காலத்துக் கிங்ஸ்வூட் கல்லூரி. தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் 11 பையன்கள். இலங்கைப் பாடசாலைகளுக்குள் ரக்பியைக் கொண்டுவந்தவரும் இவர்தான். பக்கத்துக்கு 15 பேர் வேண்டிய ஆட்டத்தை 11 பையன்களை வைத்துக்கொண்டு நினைத்துப் பார்ப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். கண்டி ரசிகனிடம் இன்றைக்கும் கையிருப்பில் இருப்பது அந்தத் துணிச்சல் மட்டும்தான். எதிர்த்து ஆட இன்னொரு பள்ளிக்கூடம் கிடைக்கப் பதினைந்து வருடம் சென்றது. 1906 ஆகஸ்டில் போகம்பரை மைதானத்தில் கிங்ஸ்வூட்டும் திரினிட்டியும் மோதின. முடிவு 6–6. பதினைந்து வருடம் காத்திருந்து ஆடிய நாட்டின் முதலாவது பாடசாலை ரக்பி மெச்சில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, யார் ஜெயித்திருக்க வேண்டும் என்று பேசுவதில் இந்த ஊருக்கு அலுப்பே வருவதில்லை.

அதற்கும் முன்பிருந்தே மலைநாட்டில் இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் தோட்டத்துத் துரைமார்கள். டிக்கோயாவில் டரவளை, நானுஓயாப் பக்கம் ரதல்லை என்று அவர்களுக்குக் கிளப்புகளும் பச்சைப் புல்வெளிகளும் இருந்தன. அந்த மலைகளில் தட்டையாக ஓர் இடம் கிடைத்தால் துரைமார்கள் அதில் பந்து ஆடினார்கள், மிச்சமெல்லாம் தேயிலை. டரவளைப் பக்கம் இருந்த என் தாத்தா ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து பாட்டியிடம் சொன்னாராம்: "பந்தைப் பின்னாடிதான் போடணுமாம், ஆனா ஆளு முன்னாடி போகணுமாம். நம்ம மடுவத்துல கொழுந்து நிறுக்கிற மாதிரியே இருக்கு. கூடை முன்னாடி போகும், கணக்கப்பிள்ளை புத்தகத்துல ராத்தல் பின்னாடி போகும்." ரக்பியின் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

கண்டியின் பெரிய நாள் என்றால் பிரட்பி. பெரஹராவைச் சொல்லவில்லை; அது தலதா மாளிகையின் விஷயம், யானைகளும் ஒழுங்காக நடந்துகொள்ளும். பிரட்பி என்பது 1945இல் கொழும்பு றோயல் கல்லூரி அதிபராக இருந்த ஈ. எல். பிரட்பி கொடுத்த கேடயம். அதற்காக றோயலும் திரினிட்டியும் ஆண்டுக்கு இரண்டு மெச் ஆடும். ஒன்று கொழும்பில், ஒன்று கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, யாருக்கு அதிகமோ அவர்களிடம் கேடயம் போகும்.

இந்தக் கூட்டல் கணக்கில்தான் எல்லா அமர்க்களமும் இருக்கிறது. கொழும்பில் 12 புள்ளி வித்தியாசத்தில் தோற்றுவிட்டு வந்தால் கண்டியில் ஜெயிப்பது போதாது, 13 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். ட்ரைக்கு 5, அதன் கன்வர்ஷனுக்கு 2, பெனால்டிக்கு 3. எனவே கடைசி நிமிடத்தில் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் விரல் மடித்துக்கொண்டு நிற்பார்கள். ஏழாம் வாய்ப்பாடு தெரியாமல் பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவன்கூட, "இன்னும் ரெண்டு ட்ரை, ரெண்டும் கன்வர்ட் ஆகணும், அப்ப பதினாலு, ரெண்டு புள்ளி கூட" என்று பெருக்கிக் கழித்துச் சொல்வான். அன்றைய மெச்சை ஜெயித்துக் கேடயத்தைத் தோற்ற கூட்டத்தின் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பட்டாசு கையில் இருக்கும், கொளுத்துவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் எவனாவது ஒரு சின்னப் பையன் கொளுத்திவிடுவான், பெரியவர்கள் அவனைத் திட்டிவிட்டுக் கைதட்டுவார்கள்.

அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் போன வருடம் லீவில் வந்திருந்தார். அவருடைய மகன் அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் 107,601 பேர் உட்காரலாம் என்ற தகவலை அவர் கட்டுநாயக்கவிலிருந்து கண்டி வரும் வரை வேனில் பல தடவை சொன்னார். 1869இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடிய மெச்சிலிருந்து தொடங்கி, இன்றைக்குப் பயிற்சியாளருக்கு வருடத்துக்கு மில்லியன் கணக்கில் டொலர் சம்பளம் என்பது வரைக்கும் வரலாறு சொன்னார். பேராதனைப் பாலம் வந்ததும் ஜன்னலால் பார்த்துக் கேட்டார்: "மச்சான், உங்க பல்கலைக்கழகத்து மெச்சுக்கு எத்தன பேர் வருவாங்க?"

நான் மகாவலியைப் பார்த்தேன். பேராதனைக்கு மைதானம் உண்டு, ரக்பி அணி உண்டு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளும் உண்டு. ஆற்றங்கரையில் அவ்வளவு அழகான இடத்தில் அவ்வளவு அமைதியாக ஒரு மெச் நடப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. நான் போனபோது பார்த்தவர்கள் அணியின் மாற்று ஆட்டக்காரர்கள், அவர்களில் ஒருவனின் காதலி, இன்னொரு ஃபெக்கல்டிக்குப் போகும் வழியில் நின்ற இரண்டு பேர். அந்தக் காதலியும் புத்தகம்தான் படித்துக்கொண்டிருந்தாள். பேராதனை மாணவர்கள் கூட்டம் கூடத் தெரியாதவர்கள் அல்ல. சரச்சந்திர அரங்கில் நாடகம் என்றால் கல்படிகளில் இடம் பிடிக்க மல்லுக்கட்டுவார்கள். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் அங்கே கூத்தை மேடையேற்றியபோது இராவணன் ஆடிய ஆட்டத்துக்கும் ஒரு நல்ல ஸ்க்ரமுக்கும் அதிக வித்தியாசம் இருந்திருக்காது என்பது என் எண்ணம். கூத்தில் தாளம் பிசகினால் அண்ணாவியார் முறைப்பார், அவ்வளவுதான்.

மைத்துனருக்கு நான் சொன்ன பதில் இது: அமெரிக்காவில் பல்கலைக்கழகம் செய்கிற வேலையை இங்கே பதினெட்டு வயதுப் பையன்கள் செய்கிறார்கள். அதற்குமேல் வயதானால் இங்கே படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர் நம்பவில்லை. ஸ்கூல் பிள்ளைகள் மெச்சுக்கு டிக்கெட்டா என்று சிரித்தார். அதனால்தான் அவரை பிரட்பிக்குக் கூட்டிப்போனேன்.

மெச் பல்லேகலையில். இதைப்பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கண்டிக்கு எது சுமையாகிறதோ அதைப் பல்லேகலைக்கு அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. முரளி 2007 டிசம்பரில் கொலிங்வூட்டை வீழ்த்தி ஷேன் வோர்னின் டெஸ்ட் விக்கெட் சாதனையைத் தாண்டியது அஸ்கிரிய மைதானத்தில். அந்தோனியார் கல்லூரிப் பையன் திரினிட்டியின் மைதானத்தில் உலக சாதனை செய்தான். அதைத் திரினிட்டிக்காரர்கள் எப்படித் தாங்கிக்கொண்டார்களோ தெரியாது, டெஸ்ட் கிரிக்கெட் அதற்குப் பிறகு பல்லேகலைக்குப் போய்விட்டது. 1876இல் கட்டிய போகம்பரைச் சிறைச்சாலையைக் காலி செய்து 2014இல் கைதிகளைக் கொண்டுபோனதும் பல்லேகலைக்கு. திரினிட்டியின் ரக்பி ஸ்டேடியமும் அங்கேதான். போகம்பரையில் மெச் நடந்த காலத்தில் மதிலுக்கு அப்பால் இருந்தவர்கள் ஆரவாரத்தை வைத்தே ஸ்கோரைக் கணித்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். பாவம், அவர்களும் மைதானத்தின் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

போகம்பரையில் என்றால் மார்க்கெட்டுக்கு வந்தவன் மரக்கறிப் பையோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். ஒரு ட்ரையைப் பார்த்துவிட்டு வீட்டில் போய் முழு மெச்சையும் சொல்வான். பல்லேகலைக்குத் தென்னக்கும்புர பாலம் தாண்டிப் போக வேண்டும். பெண்சாதியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குடை எடுக்க வேண்டும். குடையை விரித்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார், விரிக்காவிட்டால் மழை திட்டும்.

எங்களோடு வந்தவர் நானா. கண்டி டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவர். அவரும் திரினிட்டியில் படித்தவர் அல்ல. அவருக்கு இருக்கும் இன்னொரு பைத்தியம் நித்தவெல. 1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் மைதானம் அங்கே. தொண்ணூறுகளிலிருந்து கொழும்புக் கிளப்புகளை அந்தக் கழகம் அடித்த அடியைச் சொல்ல ஆரம்பித்தால் நானா கடையை மூட மறந்துவிடுவார். அதிலும் கிங்ஸ்வூட்டில் படித்து, கண்டிக்கு ஆடி, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய ஃபாசில் மரிஜாவின் பேர் வந்தால் ஒரு மீட்டர் துணி கூடவே வெட்டிவிடுவார். நித்தவெலயில் "எந்த ஸ்கூல்?" என்று யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்கப்படுவது, "இதுக்கு ஏன் பெனால்டி?"

வாசலில் பப்பரே வாத்தியம் தொடங்கிவிட்டது. ட்ரம்பெட்டும் மேளமுமாக ஒரே மெட்டைப் பல மணி நேரம் வாசிப்பார்கள். கேட்பவனுக்கு அலுக்காது, வாசிப்பவனுக்கு உதடு வீங்கும். அமெரிக்காவில் மைதானத்துக்கு வெளியே காரின் டிக்கியைத் திறந்து இறைச்சி சுடுவார்கள் என்று மைத்துனர் ஆரம்பித்தார். நான் வேன்களின் பக்கம் கையைக் காட்டினேன். ஐம்பதைத் தாண்டிய பழைய மாணவர்கள், பொத்தான் பூட்ட முடியாத பிளேசரோடு, ஆளுக்கொரு சோடாப் போத்தலை வைத்துக்கொண்டு நின்றார்கள். சோடா இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்கும் என்று சோடாக் கொம்பனிக்கே தெரியாது. அவர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் பேசாமல் நின்றால் அவர் 'திரினிட்டி லயன்' என்று நினைத்துக்கொள்ளலாம். அது அந்தக் கல்லூரி தன் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் கௌரவம். அதை வாங்கியவர் கத்த வேண்டியதில்லை, மற்றவர்கள் அவருக்காகவும் கத்துவார்கள்.

உணவு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. மாலு பணிஸ் மெச்சுக்கு முன்னால். சுண்டல் கடலை முதல் பாதியில். மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி இடைவேளையில். கொத்து ரொட்டி தோற்றால் மட்டும். ஜெயித்தவனுக்கு அதைச் சாப்பிடப் பொறுமை இருக்காது. மைத்துனர் இந்த ஒழுங்கைக் குலைத்து முதல் பாதியிலேயே அன்னாசி வாங்கினார். அதன் பிறகு திரினிட்டி ஒரு நோக்-ஒன் செய்தது. நானா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் விருந்தோம்பல் துளியும் இல்லை.

ஆட்டம் தொடங்கிய பிறகு மைத்துனர் மிச்சிகனை மறந்துவிட்டார். லைன் அவுட் என்றால் என்ன என்று தெரியாமலே "லைன் அவுட்! லைன் அவுட்!" என்று கத்தினார். பக்கத்தில் ஒரு சிங்கள அங்கள் "அல்லபங்!" என்று கத்த, நானா "புடிடா!" என்று கத்த, ஓடிக்கொண்டிருந்த றோயல் பையனை யாரோ ஒருவன் இரண்டு மொழியும் விளங்கியவன்போலப் பிடித்துச் சேற்றில் சாய்த்தான். மழை வந்தது. இரண்டு அணியும் ஒரே நிறமாகிவிட்டன. அதற்குமேல் யாரை நோக்கிக் கத்துகிறோம் என்று எங்களுக்கே நிச்சயமில்லை. இருந்தும் சத்தம் குறையவில்லை. பயிற்சியாளருக்கு மில்லியன் டொலர் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றியது. எங்கள் பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரும் இலவசமாகவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தோம், அதுவும் ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக இன்னொருவர்.

திரும்பும்போது த்ரீவீலில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு, நனைந்த கால்சட்டையோடு, தென்னக்கும்புர நெரிசலில் மாட்டிக்கொண்டோம். முன்னாலும் பின்னாலும் கொடி கட்டிய வேன்கள், இரண்டு நிறத்துக் கொடிகளும் ஹோர்ன் அடித்தன. மைத்துனருக்குக் குழப்பம்.

"கடைசில யாரு ஜெயிச்சது?" என்றார்.

நானா அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார். "இண்டைக்கா, ரெண்டு மெச்சையும் கூட்டியா, இல்லாட்டி ரெஃப்ரி ஒழுங்கா ஊதியிருந்தாவா?"

மைத்துனர் மூன்றையும் சொல்லச் சொன்னார். நானா டிரைவரின் தோளைத் தட்டி, வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, நான்கு பேருக்கும் பிளேன்டி சொன்னார்.