ஆறு மணி சார்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. மதுரை எஸ்.எஸ். காலனியில் அது யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் அவர் 'ஆறு மணி சார்', அடுத்த தெருவில் 'ஏழரை மணி சார்'. வண்டி பஞ்சராகிவிட்டால், "மணி ஆறரை ஆச்சு, இன்னும் ஆறு மணி சாரைக் காணோமே" என்று வாசலில் நின்று அங்கலாய்ப்பார்கள்.

எம்.எஸ்சி. கணிதம், பி.எட். ஆசிரியர் தகுதித் தேர்விலும் பாஸ். பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. ஆகவே ஊரில் சில ஆசிரியர்கள் சாயங்காலத்தில் 'சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு' மட்டும் சும்மா சொல்லித்தருகிறார்கள். ஒரு மனிதருக்கு இத்தனை சொந்தமா என்று கேட்க நமக்கு மனம் வருவதில்லை. நம் சாருக்கு அந்தச் சிக்கல் கிடையாது. எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்கு இன்னும் வேலை தரவில்லை.

அவரைக் கூப்பிடுவது கணக்குக்கு. சம்பளம் பேசுவதும் கணக்குக்கே. எல்லாம் பேசி முடித்து அவர் செருப்பை மாட்டும்போதுதான் அம்மா வருவார். "அப்படியே கடைசில ஒரு பத்து நிமிசம் தமிழும் பாத்துக்கங்க சார். உங்களுக்குத் தெரியாததா?" காய் வாங்கினால் கறிவேப்பிலை சும்மா வரவேண்டும் அல்லவா?

வேடிக்கை என்னவென்றால், பையனுக்கு நோய் கறிவேப்பிலையில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல். '60 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு கப்பலை 30 டிகிரி இறக்கக் கோணத்தில் ஒருவர் காண்கிறார் எனில், கலங்கரை விளக்கத்தின் அடியிலிருந்து கப்பல் எவ்வளவு தொலைவில் உள்ளது?' பையன் ஒரு தடவை படிக்கிறான். உடனே பென்சிலைச் சீவுகிறான். பிறகு கேட்கிறான்: "பெருக்கணுமா சார், வகுக்கணுமா?"

"முதல்ல படம் போடுறா தம்பி."

படம் வருகிறது. கப்பலுக்குக் கொடி, புகைபோக்கி, நங்கூரம் எல்லாம் உண்டு. 30 டிகிரியை மட்டும் உச்சியில் கோபுரத்தை ஒட்டிப் போட்டிருக்கிறான். அது கிடைமட்டத்திலிருந்து கீழே இறங்கும் கோணம். பையன் கண்ணில் '30' பட்டது, 'இறக்க' படவில்லை. விளைவு, 103.92 மீட்டர் தள்ளி நிற்கவேண்டிய கப்பல் 34.64 மீட்டரில் வந்து நிற்கிறது. பாறையில் மோதி எத்தனை பேர் போனார்களோ!

"கணக்கு தப்பில்லை அம்மா, கேள்வியைப் படிக்கத் தெரியலை" என்று அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொல்ல அவருக்கு ஆசைதான். சொன்னால், "அப்ப தமிழ் சாரையே வச்சுக்கிறோம்" என்று ஆகிவிடும். எனவே எல்லா வீட்டிலும் சொல்வதையே சொல்லிவைக்கிறார்: "மூளை இருக்கும்மா. கவனந்தான் இல்ல." இந்த வாக்கியத்துக்கு மயங்காத தாயை நான் இன்னும் பார்க்கவில்லை.

தமிழுக்கு வந்தால் கதை தலைகீழ். குறளை அலகிடச் சொன்னால் பையன் புலி. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று மளமளவென்று சீர் பிரித்துப் போடுகிறான். அது அவனுக்குக் கணக்கு மாதிரி இருக்கிறது. "இந்தக் குறளுக்கு என்னடா பொருள்?" என்று கேட்டால், "அது சிலபஸ்லயே இல்ல சார்" என்கிறான். 'ஓடாத குதிரை'யில் ஒற்று வராது, 'ஓடாக் குதிரை'யில் வரும் என்றால், "இதுக்கு ஃபார்முலா ஏதும் இருக்கா சார்?" என்கிறான்.

மிக்சி ஓடும்வரை சார் மெல்லத்தான் பேசுவார். மிக்சி நின்ற நொடியில் குரல் எழும்பும். "டேன் தீட்டா என்ன? எதிர்ப்பக்கம் பை அடுத்துள்ள பக்கம்! எத்தனை தடவை சொல்றது?" பையனும் நிலவரம் தெரிந்தவன். அதே சுருதியில் "யெஸ் சார்!" என்பான். உள்ளே காபிக்கு டிக்காஷன் கெட்டியாக விழும். அவர் வீடுகளைப் பிரித்து வைத்திருப்பதே அப்படித்தான்: காபி வீடு, காராச்சேவு வீடு, வெறும் தண்ணி வீடு. சம்பளத் தேதியும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வரும்.

ஜனவரி பிறந்தால் பைத்தகரஸைப் பரணில் ஏற்றிவிட்டுப் பாஸ் சூத்திரத்தை எடுப்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு மகான் களை. வடிவியல் 8, கிராஃப் 8. ஒரு மதிப்பெண் வினா 14, அத்தனையும் அடித்தால் ஆயிற்று 30. சார்புக்கு ஓர் அம்புக்குறிப் படம், 5. மொத்தம் 35. எம்.எஸ்சி.யில் படித்த தேற்றம் எதுவும் இவ்வளவு கச்சிதமாக முடிந்ததில்லை என்பது அவர் கட்சி.

ரிசல்ட் வந்தது. கணக்கில் 58, தமிழில் 81. கணக்கில் 58 என்றதும் அப்பா முகம் சுருங்கியது. தமிழைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் பேசுகிற மொழிதானே, தானாக வந்திருக்கும். சார் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். அம்மா வாசலுக்கு ஓடிவந்தார்.

"சார், சின்னவ இந்த வருசம் ஏழாவது. ஜூன்ல இருந்து அவளையும் கூடவே உக்கார வச்சிரலாம்ல? ஒரே ஃபீஸ்தானே?"