பாரம் இறக்கும் சேவை

காரைக்குடியில் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு பஸ் பிடித்துக் கல்லல் திரும்பினேன். ஆயில் மட்டும்தான் மாற்றுவார்கள் என்று நினைத்த என் அறியாமையை என்ன சொல்ல! டேஷ்போர்டில் கிடந்த டோல்கேட் சில்லறை, கூலிங் கிளாஸ், இளையராஜா பென் டிரைவ், டிக்கியிலிருந்த ஜாக்கி, பின்சீட்டுக் குடை என்று வேண்டாத பாரம் அத்தனையும் இறக்கியிருந்தார்கள். எடை குறைந்தால் மைலேஜ் கூடும். அதற்குத் தனியாக பில்லும் போடவில்லை.

பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் மட்டும் ஒட்டிய இடத்திலேயே இருந்தார். பக்தி இன்னும் சாகவில்லை.

விசாரித்தேன். சூப்பர்வைசர் சுவரைக் காட்டினார்: ‘பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ என்ன தெளிவு! ஒப்படைத்த பொருளைத் தன் பொருள்போல் பேண வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. தன் பொருள்போலத்தானே பேணியிருக்கிறார்கள்! சாவியை வாங்கி காரை நிறுத்தும் ஓட்டல், தன் ஆட்களின் கவனக்குறைவுக்கு இப்படியொரு வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாவம், பெயிண்டின் வலிமை டெல்லிக்குத் தெரியவில்லை.

ஆனாலும் சபலம். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லையாமே! மனு எழுத உட்கார்ந்தேன். சில்லறை, கண்ணாடி, ஜாக்கி... குடைக்கு வந்ததும் பேனா நின்றது. பிடியில் சிவப்பு பெயிண்டில் கல்யாண மண்டபத்தின் பெயர் இருக்குமே. போன ஐப்பசி மழையில் கூடவே வந்த குடை.

குடையை மட்டும் அடித்துவிட்டேன்.