தசமப் புள்ளிக்குப் பின்வரும் கவலை: பிரிஞ்சாங்கை முன்வைத்து ஓர் ஆய்வு

பட்டம் வாங்கிய கையோடு முதுகலைக்கு உபகாரச் சம்பளம் தேடும் தோட்டத்துப் பிள்ளைகளின் கவலை இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. தேயிலைச் செடிக்கு வரும் கொப்புள நோய்க்கு ஆய்வேடுகள் இருக்கின்றன. நான்கு புள்ளிக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியை வைத்து “சிஜிபிஏ 3.40 போதுமா?” என்று ராத்திரி ஒரு மணிக்கு எழும் கேள்விக்கு ஓர் உரையாசிரியரும் வாய்க்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். களமாக மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங்கைத் தேர்ந்ததற்கு அதன் குளிர் காரணமன்று. 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் பிரிஞ்சாங் மலைக்கு ஏறும் வழியில் சுங்கை பாலாஸ் தோட்டம் இருக்கிறது. தரம் பிரித்தல் என்றால் என்னவென்று அங்கே கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டம் அது. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, காய வைத்தபின் அது சல்லடைக்கு வருகிறது. தட்டுகள் இடைவிடாமல் குலுங்க, பெரிய இலை மேல்தட்டில் தங்குகிறது. உடைந்தது அதற்குக் கீழே. எல்லாவற்றுக்கும் அடியில் டஸ்ட். ஆரஞ்சு பீக்கோ, புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ என்று பெயர்கள் ஜமீன் வாரிசுகளைப்போல ஒலித்தாலும் அவை குறிப்பது இலையின் அளவை மட்டுமே. சுவையைக் கண்டுபிடிக்க வேறொருவர் வரவேண்டும். அவர் கரண்டியால் அள்ளி, சபை நாகரிகம் பாராமல் உறிஞ்சிப் பார்த்துச் சொல்வார். அடித்தட்டு டஸ்ட்டோ சீக்கிரம் சாயம் இறங்கும், திடமாக நிற்கும். கடைகளில் நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரேக் தேநீருக்குத் தேடி வாங்குவது அதைத்தான். ஆக, நம் முதல் முடிபு: சல்லடை அளவைச் சொல்லும், ருசியைச் சொல்லாது. சிஜிபிஏ ஒரு சல்லடை.

இம்முடிபுக்குப் பழைய ஆதாரமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று மூன்றே தட்டில் சலித்தார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடை. நெய்யரி என்பது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வடிகட்டி. அன்று கடைமாணாக்கனுக்கு உவமையாக இருந்த அக்கருவி இன்று தேர்வுக் குழுவில் இடம்பிடித்துவிட்டதைக் கல்வி வரலாற்றாசிரியர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள். அன்னத்துக்கு 3.87, பசுவுக்கு 3.85 என்று பவணந்தியார் எழுதவில்லை என்பதும் கருதத்தக்கது. எழுதியிருந்தால் பசு மறுமதிப்பீட்டுக்கு மனுப் போட்டிருக்கும். 1785இல் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் தம் மாணவரைப் பிரித்தபோதும் நான்கு வகுப்புகளோடு நிறுத்திக்கொண்டார். தசமம் பிற்காலத்துச் சரக்கு. அதன் துல்லியத்தைப் பற்றியோ, 1912இலேயே ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பி, புள்ளிகள் எட்டாத தூரத்துக்குச் சிதறியதைக் காட்டிவிட்டார்கள். நம் நாட்டிலும் அதே ‘ஏ மைனஸ்’ ஒரு பல்கலைக்கழகத்தில் 3.67, இன்னொன்றில் 3.70. எனவே முதல் தசமம் தேர்வுக் குழுவுக்கு, இரண்டாவது விண்ணப்பதாரருக்கு, மூன்றாவது கோயில் திருவிழாவில் விசாரிக்கும் மாமாவுக்கு என்று பயன்பாட்டைப் பகுத்துக்கொள்ளலாம்.

“சல்லடையைத் தாண்டாதவரை எவர் ருசி பார்ப்பார்?” என்று பூர்வபட்சிகள் கேட்பார்கள். நியாயந்தான். பிறர் கருத்தை எதிர்கொள்ள நன்னூலார் சொன்ன எழுவகை மதத்தில் முதலாவது உடன்படல், அதன்படி உடன்படுகிறோம். பணமும் இதில் இருக்கிறது. 1997இல் அமைந்த பிடிபிடிஎன் என்னும் உயர்கல்வி நிதிக் கழகத்தின் கல்விக் கடனை, முதல் வகுப்பில் தேறியவர்கள் நிபந்தனைக்கு உட்பட்டுத் திருப்பிக் கட்டவே வேண்டியதில்லை. முதல் வகுப்பின் கோட்டுக்கு 0.01 கீழே நின்றவர் பல்லாயிரம் வெள்ளி கட்டுவார். கொழுந்தை எடை போட்டுக் கூலி வாங்கிய வீட்டில் அந்த 0.01 தசமமாகத் தெரியாது. அந்தக் கவலையைக் கேலி செய்ய இவ்வாய்வுக்கு உரிமையில்லை.

ஆனால் அது பட்டமளிப்போடு முடிந்துபோன கணக்கு. நம் ஆய்வுப் பொருள் அதற்குப் பின்னும் தொடரும் கவலை. இங்கே இரண்டாவது மதமான மறுத்தலுக்குப் போகவேண்டியிருக்கிறது. கவலைதான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது என்பார் கூற்றைக் கணக்குப் போட்டே மறுக்கலாம். 120 கிரெடிட் கொண்ட படிப்பில் 105 முடிந்து 3.40 நிற்கிறது என்று கொள்வோம். மிச்சம் 15லும் முழு ‘ஏ’ வாங்கினால், தெண்டாயுதபாணிக்குக் காவடி நேர்ந்துகொண்டாலும், வருவது 3.475. படிப்பின் கடைசிப் பருவத்திலேயே எண் அசைவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது; பட்டம் வாங்கி, கவலை உச்சத்துக்கு ஏறும்போது அது அசைவதே இல்லை. மாற்ற முடியாதது எதுவோ அதைப் பற்றியே மனம் அதிகம் கவல்கிறது. மாற்றக்கூடியவையோ சீந்துவாரற்றுக் கிடக்கின்றன: ஆய்வு முன்மொழிவு, பரிந்துரைக் கடிதம், ஏன் இந்தப் படிப்பு என்ற ஒரு பக்கம். பிரிட்டனின் செவனிங் உபகாரச் சம்பளத்துக்குப் பொதுவாக மேல் இரண்டாம் வகுப்புக்கு நிகரான பட்டம் இருந்தால் போதும். அதன்மேல் 2,800 மணி நேர வேலை அனுபவமும், தலைமைப் பண்பு, எதிர்காலத் திட்டம் முதலியவை பற்றிய கட்டுரைகளும் கேட்கிறார்கள். 2,800 என்பதும் எண்தான். அதை நினைத்து எவரும் தூக்கம் கெடுவதாகத் தெரியவில்லை.

காரணம் இதுவே என்பது எம் துணிபு. படிவத்தில் சிஜிபிஏ கட்டம் ஒன்றுதான் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டது. அதைப் பார்த்து ஏங்க ஒரு வரிகூட எழுத வேண்டாம். “உங்களைப் பற்றி எழுதுக” என்ற வெற்றுப் பக்கமோ அடுத்த பக்கத்தில் காத்திருக்கிறது. அதற்குப் போகாமலிருக்க மதிப்பெண் கவலையைவிடக் கௌரவமான சாக்கு வேறில்லை: வீட்டில் திட்டமாட்டார்கள், தேத்தண்ணிகூடப் போட்டுத் தருவார்கள். படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நடப்பதே வேறு. கட்டுரையைச் சோம்பலால் தள்ளிப்போட்டவருக்கும் கவலையால் தள்ளிப்போட்டவருக்கும் கடைசி நாள் ஒன்றுதான் என்றாலும், பின்னவர் மட்டும் பாடுபட்டவராகக் கருதப்படுகிறார். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் இக்கவலை சிஜிபிஏயை அப்படியே கைவிட்டு, சட்டையின் நிறத்துக்குத் தாவுவது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கு நல்கை தேடிக்கொண்டிருக்கிறோம். முன்மொழிவு இன்னும் எழுதப்படவில்லை.