ஆனந்தம் எத்தனை மணிக்கு வரும்?

புதுச்சேரி பீச் ரோட்டில் ஓடுகிறவர்களும், ஓடலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த வாரம் பதில்.

கே: ஓடினால் கவலை தீருமாமே? என் கவலை வீட்டுக் கடன். அது எப்படித் தீரும்?
— லாஸ்பேட்டை வாசகர்

ப: கடன் தீராது. பேங்க் அதே தேதியில் தவணையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு மனசு தன் பங்குக்கு ஒரு வட்டி போடுகிறதே, அது குறையும். ஓடும்போது நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பயம் வந்தாலும் இதேதான் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் இதைப் பழகிய உடம்பு, படபடப்பு வந்தாலே ஆபத்து என்று அலறுவதைக் குறைத்துக்கொள்ளும். தூக்கமும் கூடும். நன்றாகத் தூங்கி எழுந்தவருக்குக் கடன் பாக்கி அதேதான். கணக்குப் போடத் தெளிவு இருக்கும்.

கே: ஓடி முடித்ததும் காரணமே இல்லாமல் சந்தோஷம் வருகிறது. எண்டார்ஃபின் என்கிறார்களே?
— குயவர்பாளையம் வாசகி

ப: ரொம்ப நாளாக எண்டார்ஃபினுக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்துவந்தது. 2021-ல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில் 63 பேரை 45 நிமிடம் ஓடவைத்தார்கள். எண்டார்ஃபின் வேலை செய்யும் வாசலை ஒரு மருந்தால் அடைத்துவிட்டுப் பார்த்தபோதும் அந்த மகிழ்ச்சி வந்தது, பதற்றம் தணிந்தது. ஆகவே இப்போது ஆராய்ச்சியாளர்களின் கண் இன்னொரு பொருள் மேல் இருக்கிறது. ஓடும்போது ரத்தத்தில் கூடுகிற அதை 1992-ல் ஜெருசலேமில் ரஃபேல் மெஷூலம் குழு கண்டுபிடித்தது. பெயர் வைக்க சமஸ்கிருதத்து ஆனந்தத்தை எடுத்துக்கொண்டு, 'ஆனந்தமைடு' என்றார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய ஊரில் அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை!

எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். சிலருக்கு அரை மணி ஓடியபின் வரும். சிலருக்கு வீட்டுக்கு வந்து குளித்து, இட்லிக்கு உட்காரும்போதுதான் வரும்.

கே: மனசு சரியில்லை என்றால் எனக்கு பார்தான். நண்பர் ஓடச் சொல்கிறார். எது மேல்?
— உழவர்கரை வாசகர்

ப: நண்பர் மேல். நம் ஊரில் பாட்டில் மலிவு, கடையும் கூப்பிடு தூரம். ஆனால் மது தூக்கத்தைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டுப் பின்ராத்திரியில் பிடுங்கிக்கொள்ளும், மறுநாள் மனசு இன்னும் கீழே கிடக்கும். ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது உடம்புக்கு ஆபத்தாக முடியலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் சொல்கிறபடி குறையுங்கள். நண்பரை விட்டுவிடாதீர்கள்.

கே: ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஓடலாமா?
— நெல்லித்தோப்பு வாசகர்

ப: பிரியாணியும் ஆனந்தம்தான். இரண்டு ஆனந்தத்துக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள்.

கே: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓட ஆரம்பித்தால் நிறுத்திவிடலாமா?
— முத்தியால்பேட்டை வாசகி

ப: நிறுத்தாதீர்கள் அம்மா. எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லாமல் ஒரு வேளையைக்கூட விடாதீர்கள். ஓட்டத்தை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் மாத்திரையையும் ஓட்டத்தையும் ஒப்பிட்டுச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். மனச்சோர்வோ பதற்றமோ உள்ள 141 பேர். பெரும்பாலோர் தாங்களே தேர்ந்தெடுத்து, சிலர் மாத்திரை பக்கமும் மற்றவர்கள் ஓட்டத்தின் பக்கமும் போனார்கள். 16 வாரத்தில் இரு பக்கமும் சுமார் 44 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். ஓடியவர்களுக்கு இடுப்பளவும் ரத்த அழுத்தமும் கூடக் குறைந்தன. இதை மட்டும் சொல்லிவிட்டு 'மாத்திரையைத் தூக்கி எறி' என்று அனுப்புகிறவர்கள் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். மாத்திரையைச் சொன்னபடி எடுத்துக்கொண்டவர்கள் 82 சதவீதம், ஓட்டத்தைச் சொன்னபடி தொடர்ந்தவர்கள் 52 சதவீதம். சோர்ந்த மனசை எழுப்பி ஷூ மாட்டவைப்பது அவ்வளவு கடினம். உங்களால் முடியாத நாள் வந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் குணம்.

ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசு நடத்தும் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

கே: இரண்டு நாள் ஓடுவேன். மூன்றாம் நாள் போர்வை ஜெயித்துவிடும். வழி சொல்லுங்கள்.
— வில்லியனூர் வாசகர்

ப: மேலே சொன்ன 52 சதவீதத்தைப் பாருங்கள், போர்வை உலகம் முழுக்க ஜெயித்துக்கொண்டிருக்கிறது. முதல் நாளே மூச்சு முட்ட ஓடியிருப்பீர்கள், அதுதான் தப்பு. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகம் போதும். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை இப்படிப் போய், திரும்பும்போது நடந்தே வாருங்கள். 'இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமே' என்ற ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள். அந்த மிச்சம்தான் மறுநாள் உங்களை எழுப்பும்.

ஒரு கூட்டாளியையும் பிடியுங்கள். அலாரத்தை அணைத்துவிடலாம், தெருமுனையில் காத்திருக்கும் மனுஷரை அணைக்க முடியாது. சித்திரை வைகாசியில் ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நாலு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் போங்கள். விட்டதற்கு அபராதமாகக் கூடுதலாக ஓடவேண்டாம்.

கே: எனக்கு 46 வயது. சுடிதாரில் ஓடினால் பார்த்துச் சிரிப்பார்களே?
— முதலியார்பேட்டை வாசகி

ப: காலை ஐந்தரைக்குப் பீச் ரோட்டில் வண்டி கிடையாது. வந்திருப்பவர்கள் எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூரியன் கடலிலிருந்து எழும்போது உங்கள் சுடிதாருக்கு யார் கண்ணைத் திருப்புவார்கள்? நல்ல ஷூ, உடம்பைத் தாங்குகிற சரியான உள்ளாடை, இவை இரண்டுக்கும் செலவழியுங்கள். பக்கத்திலேயே ஆரோவில் மாரத்தான் 2008-ல் தொடங்கியது. அதில் முதல் பரிசே கிடையாது. ஓடுவதன் சந்தோஷத்துக்காக ஓடு என்பதுதான் அங்கே பேச்சு. பரிசில்லாத ஓட்டத்தில் கடைசி ஆள் என்று யாரும் இல்லை.

கே: அம்மா போனதிலிருந்து அப்பா யாரோடும் பேசுவதில்லை. வயது 71. அவரை ஓடச் சொல்லலாமா?
— அரியாங்குப்பம் வாசகர்

ப: பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் மனைவியை இழந்தார். 1994-ல் ஒரு மகனையும் கண்ணெதிரே பறிகொடுத்தார். லண்டனில் இன்னொரு மகன் வீட்டுக்குப் போன பிறகு, எண்பது வயதைத் தாண்டி, ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 2000-ல் முதல் மாரத்தான். 2011-ல் டொரன்டோவில், பாஸ்போர்ட் கணக்கில் 100 வயதில், 42 கிலோமீட்டரையும் முடித்தார். அவர் துக்கம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு நடமாட அவருக்குக் கால் கிடைத்தது.

உங்கள் அப்பாவை ஓடச் சொல்லாதீர்கள். முதலில் டாக்டரிடம் நெஞ்சையும் முட்டியையும் காட்டுங்கள், பேசாமல் இருப்பதையும் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள், 'தனியாகப் போகப் பிடிக்கவில்லை, துணைக்கு வாங்கப்பா' என்று கூப்பிடுங்கள். நடந்தே போங்கள். முடிந்ததும் கடலோரக் கருங்கல் பக்கமாக உட்கார்ந்து ஒரு டீ. அவர் ஒன்றும் பேசாவிட்டாலும் மறுநாளும் கூப்பிடுங்கள். எந்த நாளாவது நடக்கும்போது அவராகவே அம்மா பேச்சை எடுத்தால், அன்றைக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.