மதிப்பெண் கொள்முதல் நிலையம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான அரை மணி நேரத்தில் உங்கள் கைபேசி அலறும். சொந்தக்காரர் யாரோ வாழ்த்துச் சொல்ல அழைக்கிறார் என்று எடுப்பீர்கள். "சார், தம்பி 491 எடுத்திருக்காப்லங்க, ரொம்ப சந்தோசம். எங்க கரஸ்பாண்டன்ட் ஐயா உங்ககிட்ட நேர்லயே பேசணும்னு பிரியப்படுறாருங்க" என்று தேன் ஒழுகும் ஒரு குரல். பையனின் பெரியப்பாவுக்கே இன்னும் தெரியாத மதிப்பெண், மூன்று தாலுகா தள்ளி இருக்கிற தாளாளருக்கு எப்படித் தெரிந்தது, உங்கள் எண்ணை எவர் கொடுத்தார் என்றெல்லாம் குடையாதீர்கள். சுபகாரியம் நடக்கும்போது துருவுவது அழகல்ல.

மறுநாள் பி.ஆர்.ஓ. என்ற பட்டத்தோடு ஒருவர் சால்வையும் இனிப்பு டப்பாவுமாக வாசலில் நிற்பார். ஒரு பள்ளி கல்விக் கட்டணம் முழுக்க விலக்கு என்கிறது. அடுத்தது, விடுதிக் கட்டணத்திலும் பாதி தள்ளுபடி என்கிறது. மூன்றாவது, நீட் பயிற்சியை இலவச இணைப்பாகத் தருகிறது. நான்காவது இன்னும் தாராளம்: எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கும் ஓர் இடம். வீட்டில் மாநாடு கூடுகிறது. மாமா ஒரு கட்சி, சித்தப்பா எதிர்க்கட்சி. பையனுக்குக் கணக்கு பிடிக்குமா, தாவரவியல் பிடிக்குமா, விடுதியில் இருக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. அவன் மதிப்பெண் மட்டும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்துகிறது.

டெல்டாவில் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமும் ரகமும் பார்த்துத் தரம் பிரிப்பார்களே, அதே வேலைதான் இங்கும். 490-க்கு மேல் சன்ன ரகம், கட்டணம் கிடையாது. 480-க்கு மேல் என்றால் பாதி. 450-க்கு மேல் பொது ரகம், 'பேசிக்கலாம்'. 400-க்குக் கீழே ஈரம் அதிகம், மூட்டையைத் திருப்பி எடுத்துப்போகலாம். ஒரே வித்தியாசம், நெல்லுக்கு அரசாங்கம் விலை வைக்கிறது. பிள்ளைக்குப் பள்ளி வைக்கிறது.

இலவசம் என்றதும் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிடும் பெற்றோர் உண்டு. கும்பிடுவதற்கு முன் அந்த அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியைக் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே 412 எடுத்த பெண்ணின் அப்பா உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு டிகிரி காபி வந்தது. அவருக்கு 'மேடம் மீட்டிங்ல இருக்காங்க' என்ற பதில் வந்தது. உங்களுக்கு ஏ.சி. அறை, அவருக்கு வராந்தா. அவரிடம் ஒரு விண்ணப்பத்தை நீட்டி, அப்பாவின் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் எல்லாவற்றையும் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பித் தந்ததும் கணக்கர் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு தொகைகளை எழுதுகிறார். "மேல இருக்கறதுக்கு பில்லு தருவோம். கீழ இருக்கறது கட்டட நிதி. அது கேஷா குடுத்துருங்க." முதல் குரூப் கேட்டவருக்கு, "அந்த மார்க்குக்கு காமர்ஸ்தான் வரும், மத்தபடி ஐயாவப் பாருங்க" என்று குரல் தாழ்கிறது. ஐயாவைப் பார்த்தால் கீழே இருந்த தொகை மேலே ஏறும், குரூப் மாறும். உங்கள் பிள்ளைக்குப் பள்ளி 'வழங்கும்' சலுகையை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்தான் நகையை அடகு வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். கும்பிட வேண்டுமென்றால் அவரைக் கும்பிடுங்கள்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று அப்பாவியாகக் கேட்காதீர்கள். சட்டத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. நன்கொடை வசூலைத் தடுக்க 1992-இல் ஒரு சட்டம் வந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் ஒரு சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டுப் பள்ளி பள்ளியாகக் கட்டணம் நிர்ணயித்தார்கள். அதே 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேறியவரைச் சேர்ப்பதே குற்றம் என்கிறது; மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் 50,000 வரை. ஆனால் அந்தச் சட்டத்தின் கை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பிள்ளை சந்தைச் சரக்கு. கட்டணக் குழு சொன்ன தொகைக்கு ரசீது ஒழுங்காக வருகிறது. விடுதி, சாப்பாடு, சீருடை, 'ஸ்மார்ட் கிளாஸ்', 'சிறப்புப் பயிற்சி' என்று மற்ற தொகைகள் வேறு வாசல் வழியாக வருகின்றன. முன்வாசலில் மட்டும் காவலுக்கு ஆள் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்திருக்கும் வீட்டுக்கு நம்மூரில் சட்டத்தின் ஆட்சி என்று பெயர்.

சரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பையன் சேர்ந்துவிட்டான். முதல் வாரத்தில் பதினோராம் வகுப்புப் பாடநூல்கள் கைக்கு வரும். கசங்காமல் அலமாரியில் வைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டும் ஒரே புத்தகத்தை உருப்போட்டுத்தான் 'மாநிலச் சாதனை'கள் தயாராயின. இந்தக் கூத்தை நிறுத்தத்தான் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்று 2025-இல் அதை எடுத்துவிட்டார்கள். அழுத்தம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வு போனதும் அலமாரியில் இடம் ஒழித்தவர்களும் உண்டு என்பதைத் துறை அறியாமல் இருக்க முடியாது.

இதில் உச்சகட்டக் களவாணித்தனம் இனிமேல்தான். நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்வி வருகிறது. பதினோராம் வகுப்பைத் தொடாமல் படித்த பிள்ளை அங்கே போய்த் திரு திருவென்று விழிக்கிறது. உடனே அதே பள்ளி பெற்றோரை அழைக்கிறது: "தம்பிக்கு பேசிக்ஸ் வீக்கா இருக்குதுங்க. ஃபவுண்டேஷன் கோர்ஸ் போட்டுறலாம்." எந்தப் பாடத்தை நடத்தாமல் விழுங்கினார்களோ அதையே தனிக் கட்டணத்துக்கு விற்கிறார்கள். ஜேப்படித் திருடன்கூடப் பர்ஸை எடுத்தபின் பர்ஸ்காரரிடமே அதை விலைபேச மாட்டான்.

பத்தாம் வகுப்பு முடிக்காத, 16 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. நெறி அருமையானது. அதனால் மையம் தன் பலகையைக் கழற்றிக்கொண்டு பள்ளிக்குள்ளேயே குடியேறி, 'இன்டகிரேட்டட்' என்று ஞானஸ்நானம் செய்துகொண்டது. இப்போது ஆறாம் வகுப்புப் பொடியனும் பள்ளிச் சீருடையிலேயே மருத்துவர் ஆகிக்கொண்டிருக்கிறான்.

சன்ன ரகத்தில் மிகவும் விரும்பி வாங்கப்படுவது அரசுப் பள்ளியில் 490 தாண்டிய பிள்ளை. ட்யூஷன் இல்லாமல், சில பாடங்களுக்கு ஆசிரியரே இல்லாமல் அந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளை என்றால் எப்படிப்பட்ட சரக்கு என்று அவர்களுக்குத் தெரியும். "உங்க பொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்துல கெடந்தா வீணாப் போயிரும்மா" என்று தறி ஓட்டும் அம்மாவிடம் கண்ணீர் மல்கப் பேசி, இலவச இடம் தந்து தூக்கிப்போகிறார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 2020-இல் கொண்டுவந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2021-இல் பொறியியலுக்கும் அது வந்தது, கட்டணத்தை அரசே ஏற்கிறது. பெண் பிள்ளை உயர்கல்விக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளி வாசலை மிதித்த கணத்தில் இந்தக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. இரண்டு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஐந்தரை ஆண்டு மருத்துவப் படிப்புக்கான வழியை அந்த அம்மாவின் கையிலிருந்து உருவிவிடுகிறார்கள். பின்னால் அந்தப் பெண் கட் ஆஃப் பட்டியலைப் பார்த்து அழும்போது சால்வைக்காரர் வேறு வாசலில் வேறு சால்வையோடு நிற்பார்.

இதைச் சொல்ல வேண்டியவர் அந்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். பலர் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் வேதியியலுக்கு ஆசிரியர் எப்போது வருவார் என்று அம்மா திருப்பிக் கேட்டால் அவரிடம் பதில் இல்லை. மேலிடத்துக்கும் இப்படிப் பிள்ளைகளைத் தூக்கிப்போவது உறுத்துவதாகத் தெரியவில்லை. அரசே மாவட்டந்தோறும் மாதிரிப் பள்ளி வைத்து, அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிப்பவர்களைப் பொறுக்கி அங்கே கொண்டுபோய்ச் சாதனை காட்டுகிறதே. தனியார் கற்றுக்கொடுத்த வித்தையை அரசு இலவசமாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

சேர்ந்தபின் மனம் மாறினால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. சலுகை பெற்ற பிள்ளையின் அசல் மதிப்பெண் சான்றிதழும் டிசியும் பள்ளியின் பீரோவில் 'பத்திரமாக' இருக்கின்றன. சலுகைக் கடிதத்தின் பின்பக்கம் திருப்பினால் எறும்பு எழுத்தில், மாதத் தேர்வில் இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் விலக்கு ரத்து, இடையில் விலகினால் இரண்டு ஆண்டுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று இருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு விடுதி ஸ்டடி ஹாலில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது படிப்பு ஆசையில் என்று நினைத்தால் நீங்கள் அந்தப் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அவன் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறான்.

இத்தனையும் எதற்கு? சாலை முக்கில் ஒரு ஃப்ளெக்ஸுக்காக. மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியது. அரசு நிறுத்தினால் என்ன, ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அறிவிக்கிறார். 'பள்ளி முதலிடம்', 'பாட முதலிடம்', 'வட்டார முதலிடம்' என்று முதலிடங்கள் முளைத்து, அந்த மூஞ்சிகளுக்கு நடுவே தாளாளர் மாப்பிள்ளைக் கோலத்தில் சிரிக்கிறார். மேலே கொட்டை எழுத்தில்: 'தொடர்ந்து 100 சதவீதத் தேர்ச்சி'.

அந்த நூற்றைத்தான் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். 490 எடுக்கத் தெரிந்த பிள்ளையை வாங்கிவந்து பன்னிரண்டாம் வகுப்பில் 590 எடுக்க வைத்தேன் என்பது கற்பித்தலா? தேறுகிறவனை மட்டும் உள்ளே விட்டால் பூட்டிய வகுப்பறையும் நூறு சதவீதம் காட்டும். அதோடு முடியவில்லை. எட்டாம் வகுப்பு வரை கட்டணம் வாங்கி வளர்த்த பிள்ளைகளில் 'தேறாது' என்று தோன்றுகிறவர்களை ஒன்பதாம் வகுப்பில் கூப்பிட்டு, "நாங்க ஃபெயில்னு போட்டா பையன் வாழ்க்கை போயிருங்க, நீங்களே டிசி வாங்கிக்கிட்டா பாஸ்னு போட்டுத் தர்றோம்" என்று பேரம் பேசும் பள்ளிகள் எத்தனை! பத்து வருடம் அந்த மைதானத்தில் விளையாடிய பிள்ளையை, பொதுத்தேர்வுக்கு ஒரு வருடம் முன் குப்பையைத் தள்ளுவதுபோல் வெளியே தள்ளுகிறார்கள். அவன் நேராக வந்து சேருமிடம், எவரையும் மறுக்காத அரசுப் பள்ளி. அடுத்த ஆண்டு அவன் தோற்றால் அரசுப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் சரியும். அதைக் காட்டி நாம் "பார்த்தீங்களா, கவர்மென்ட் ஸ்கூல்ல ஒழுங்கா நடத்துறதில்ல" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, அவனைத் தள்ளிய பள்ளியின் வாசலில் விண்ணப்பத்துக்கு வரிசையில் நிற்போம்.

ஆம், நாம்தான். பள்ளிகளை மட்டும் திட்டித் தப்பிக்க முடியாது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தும் பாராமல் காபி குடித்தவர்கள் நாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு டிசி கொடுத்தபோது, நம் பிள்ளையின் வகுப்பில் 'தரம்' கூடும் என்று உள்ளுக்குள் நிம்மதி அடைந்தவர்கள் நாம். கழிக்கப்படுவது அடுத்தவன் பிள்ளையாக இருக்கும்வரை நமக்கு வடிகட்டி பிடிக்கும்.

இந்த வியாபாரத்தை நிறுத்தப் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் குழு வேண்டாம், இன்னொரு ஓய்வுபெற்ற நீதிபதியும் வேண்டாம். தமிழ்நாட்டில் பள்ளி செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்ற கல்வித் தகவல் பதிவில் ஓர் எண் இருக்கிறது. எந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் டிசியோடு அனுப்பப்பட்டார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள் என்பதெல்லாம் பள்ளிக்கல்வித் துறையின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. தேர்ச்சி சதவீதம் வெளியிடும் அதே காலையில் அதற்குப் பக்கத்திலேயே இந்த எண்ணையும் பள்ளிவாரியாக வெளியிடுங்கள். நூறு சதவீதம் என்று ஃப்ளெக்ஸ் வைக்கிறவர், அந்த நூற்றில் சேராமல் துரத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று ஓர் ஆணை போடுங்கள். பணம் செலவில்லை. கொஞ்சம் முதுகெலும்பு மட்டும் செலவாகும். அது கையிருப்பில் இல்லையென்றால் அதையாவது வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள்.